தாளத்துக்குச் சொன்ன ஆமாம்

அருள், நீ குளித்துவிட்டு எனக்கு மாற்றுப் புடவையும் துண்டும் எடுத்து வருவதாகச் சொல்லி வீட்டுக்குப் போயிருக்கிறாய். பிள்ளைப்பாக்கம் போய்த் திரும்ப எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். வாயால் சொல்லலாம்தான். ஆனால் என் வாயை எனக்குத் தெரியும். நீ எதிரில் வந்து நின்று என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்லடா" என்று அது தானாகச் சொல்லிவிடும். இருபத்து மூன்று வருடமாக நான் உனக்குச் சொன்ன பதில் பெரும்பாலும் அதுதான். என் கைக்கு அந்த அளவு பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுதத் தாள் தேடித்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் இருந்த உன் பையைத் திறந்தேன். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் வேலையில் சேர நீ கட்டி வைத்த பை. சான்றிதழ் கவருக்கு அடியில் உன் கல்லூரி ரெக்கார்டு நோட்டு இருந்தது. ஒரு பக்கம் கோடு போட்டது, எதிர்ப்பக்கம் படம் வரைய வெள்ளைத் தாள். மூளை, அதிலிருந்து இறங்கும் முதுகுத்தண்டுவடம், அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளைத்துப் போகும் நரம்புகள் என்று எத்தனை படம் வரைந்திருக்கிறாய். புரட்டிக்கொண்டே வந்தேன், ஒரு பக்கத்தில் நானே இருந்தேன். பெயர் போடவில்லை. பெண், வயது நாற்பத்தாறு, சர்க்கரை நோய், தொழிற்சாலையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. கீழே இங்கிலீஷில், இரண்டு பாதத்திலும் உணர்வு இயல்பாக உள்ளது என்று எழுதி, அதற்குக் கீழே உங்கள் சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருப்பது பொய் அருள். எழுதியது நீ, சொன்னது நான். அதை எப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதப் போகிறேன்.

நாளைக் காலை என் வலது காலில் மூன்று விரலையும் அதற்குப் பின்னால் கொஞ்சம் பாதத்தையும் எடுக்கப் போகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நீ இன்று காலை வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். சக்கர நாற்காலியில் உன் பின்னால் நான் இருந்தேன். "சுகர் இருக்கறவங்க காலுக்கு வெந்நி பை வெக்காதீங்கன்னு ஊருக்கே சொல்றவன் நான். என் கையாலயே உன் கால வேக வெச்சிட்டேம்மா" என்றாய். பிறகு கோயம்புத்தூருக்குப் போகமாட்டேன், இனி எந்த நோயாளியையும் தொடமாட்டேன், ஒரகடத்தில் ஏதாவது கம்பெனியில் லைனில் நின்றுகொள்கிறேன் என்று மெதுவாக, தீர்மானமாகச் சொன்னாய். பெற்றவளுக்கு அப்போது வயிறு பற்றி எரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் சட்டைக் காலரில் ஒரு நூல் தொங்கியது, அதை இழுத்தால் தையல் பிரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

நீ பிசியோதெரபி சேர்ந்த முதல் வருடம் ஞாபகம் இருக்கிறதா? சத்தம் போட்டுப் படிக்கும் பழக்கம் உனக்கு. நான் சமையல்கட்டில் நிற்பேன், நீ வாசற்படியில் உட்கார்ந்து நரம்பு மண்டலத்தையே ஒப்பிப்பாய். எனக்குப் பாதி புரியும். புரிந்த பாதியும் என் வேலையால் புரிந்தது. வல்லம் வடகால் கம்பெனியில் நாங்கள் செய்வது கார்களுக்குள் ஓடும் கம்பிக்கட்டு. விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான கம்பிகளைப் பலகையில் பரப்பி, டேப் சுற்றி, ஒரே கட்டாக்கி அனுப்புவோம். மூளையிலிருந்து கட்டளை இறங்கும் நரம்பு இழை வேறு, தோலிலிருந்து சேதி ஏறும் இழை வேறு, இரண்டும் ஒரே கட்டில்தான் ஓடும் என்று நீ சொன்னபோது, இது எங்கள் லைனில் நடப்பதுதானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கால் பெருவிரலிலிருந்து இடுப்புப் பக்கம் வரை ஒரே இழை, நடுவில் ஒட்டே கிடையாது என்றாய். "அவ்ளோ நீட்டு ஒரே கம்பியா? எங்க சூப்பர்வைசர் ஒத்துக்கமாட்டான்" என்றேன். நீ சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த இழைக்குச் சொந்தமான நரம்பணுவின் வீடு இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாப்பாடெல்லாம் அங்கிருந்துதான் இழைக்குள்ளேயே பயணம் செய்து விரல்நுனி வரை போக வேண்டும் என்றும் சொன்னாய். சர்க்கரை கூடினால் அந்தப் போக்குவரத்து கெடும். ஏரியில் தண்ணீர் குறைந்தால் கடைமடை முதலில் காய்கிற மாதிரி, உடம்பிலேயே நீளமான நரம்பின் கோடி, அதாவது கால்விரல், முதலில் காயும். அன்றைக்கு நான் கேழ்வரகுக் கூழ் கிளறிக்கொண்டிருந்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டு என் காலைக் குனிந்து பார்த்தேன். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டிருக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் கேட்பதற்கு டோக்கன் வாங்க வேண்டுமா என்ன. கேட்கவில்லை.

சந்தேகம் சந்தேகமாக இல்லாமல் போனது மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு காலை ஷிஃப்ட் முடிந்தபோது. லாக்கர் அறையில் ஷூவைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்த செல்வி என் சாக்ஸைக் காட்டி, "யக்கா, இன்னாது ரத்தம்?" என்றாள். செல்வியை உனக்குத் தெரியும், என்னோடு பலகையில் நிற்பவள், நம் வீட்டுக்குப் பலாச்சுளை கொண்டு வந்தாளே. ஷூவைத் திருப்பிப் பார்த்தால், கம்பி நுனியில் கவ்வ வைக்கும் பித்தளைத் துண்டு ஒன்று அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே நின்றது. எட்டு மணி நேரம் அதன் மேல் நின்றிருக்கிறேன், நடந்திருக்கிறேன், கேன்டீனில் வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். தெரியவே இல்லையா என்று செல்வி கேட்டாள். தெரிந்தது, வேலையை விட்டுவிட்டு வர முடியுமா என்று அவளிடம் சிரித்தேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். வலியைப் பொறுத்துக்கொண்டவள் என்று அவள் என்னை மதித்தாள். வலியே இல்லாதவளுக்கு அந்த மரியாதை எதற்கு.

என் கால் ஓடுகிறது, விரல் மடங்குகிறது, பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிறேன், பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? கட்டளை இறங்கும் இழை நன்றாக இருந்தது, சேதி ஏறும் இழைதான் செத்துக்கொண்டிருந்தது. பாதத்தில் வியர்ப்பதும் நின்றுபோயிருந்தது. வியர்வையைப் பார்த்துக்கொள்ளவும் தனி நரம்பு உண்டு, நாம் கேட்காமலே வேலை செய்யும், இதயத்துக்கும் குடலுக்கும் இருப்பதைப் போல என்று நீ பின்னாளில் சொன்னாய். எனக்கு அது தெரியாது. உன் அப்பா இருந்த காலத்தில் அவர் சாக்ஸைக் கழற்றினால் வீட்டில் நிற்க முடியாது, என் சாக்ஸ் துவைத்தது போலவே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். பாதம் காய்ந்து, குதிகால் வெடித்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

அந்தப் பித்தளைத் துண்டுக்கு மூன்று மாதம் கழித்து கம்பெனியில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. சர்க்கரை இருப்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் ஒருவர் தூண்டிலில் கட்டும் நைலான் போன்ற ஒரு சோதனை இழையைக் காட்டி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் தொடுவது தெரியும்போதெல்லாம் ஆமாம் சொல்லுங்கள் என்றார். எனக்கு முன்னால் போன ஒரு பெண் சொல்லவில்லை. அவளை ஓரமாக உட்கார வைத்து ஏதோ எழுதினார்கள். ஒப்பந்தத்தில் வேலைக்கு நிற்கிறவளை ஓரமாக உட்கார வைத்தால் பிறகு எங்கே உட்கார வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா. என் முறை வந்தது. கண்ணை மூடினேன். பாதத்தின் மேல்புறம் முதல் தொடல் தெரிந்தது, ஆமாம் என்றேன். இரண்டாவது தெரிந்தது. அதற்குள் எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. வெளியே நிறையப் பேர் நின்றதால் சிஸ்டர் அவசரமாக, ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போனார். எங்கள் லைனில் ஐம்பத்தெட்டு விநாடிக்கு ஒரு பலகை நகரும். நிற்காது. கண் பார்க்காமலே கை அதற்குள் சுற்றி முடிக்கும். வருடக்கணக்காக அப்படி நின்ற உடம்புக்கு ஒரு தாளத்தைப் பிடிக்க இரண்டு அடி போதும். மூன்றாவது முதல் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஆமாம். ஒன்று, இரண்டு, மூன்று, ஆமாம். ஒரு இடத்திலும் பிசகவில்லை. கால் ரொம்ப நல்லா இருக்கு என்றார் சிஸ்டர். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

ஏமாற்றியது கம்பெனியைத்தானே என்று அதை மன்னித்துவிடலாம். அடுத்த வருடம் உன்னிடமும் அதையே செய்தேன். மூன்றாம் வருடப் பரீட்சைக்கு நீ அதே மாதிரிச் சோதனை இழை ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாய். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, என் காலை உன் மடியில் வைத்துக்கொண்டாய். ஏழு வயதுக்குப் பிறகு நீ என் காலைத் தொட்டது அன்றுதான். அந்த இழையைப் பார்த்ததுமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் அடுத்த நாளே நீ கல்லூரியை நிறுத்திவிட்டு எனக்குப் பதில் லைனில் நிற்பாய் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ அவ்வளவு கவனமாக என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

நீ அந்த சிஸ்டரை விடக் கெட்டிக்காரன். சீராகத் தொடக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நடுநடுவே நிறுத்தி ஏமாற்றித் தொட்டாய். தாளம் கிடைக்கவில்லை. ஆனால் தொடுவதற்கு முன்னால் நீ மூச்சைப் பிடிப்பாய் அருள். நீ குழந்தையாக இருந்தபோது ஊசிக்கு முன்னால் பிடிப்பாய், சைக்கிளில் பள்ளத்தில் இறங்கும் முன் பிடிப்பாய். அந்தச் சின்ன நிறுத்தம் என் காதுக்குத் தெரியும். மூச்சு நின்றதும் எண்ணாமலே ஆமாம் சொன்னேன். பத்து இடத்திலும் சரி. கடைசியில் நீ என் பாதத்தைத் தட்டி, "யம்மா, நீ சூப்பரா கீற" என்றாய். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாய். நீ தொட்ட பத்து இடத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டு. அந்த இரண்டும் கணுக்கால் பக்கம்.

இப்போது வெந்நீர்ப் பைக்கு வருகிறேன். போன மாதம் விடாமல் மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பாதம் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று சொன்னது நான். நீ தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்றாய். சாகப்போகிற நரம்பு போகிற போக்கில் இப்படித் தப்பும் தவறுமாகச் சேதி அனுப்பும் என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் இயல்பானவள் என்று உன் கையாலேயே எழுதி வைத்திருந்தாய். அதை நம்பித்தான் பையில் வெந்நீர் ஊற்றினாய். துண்டைச் சுற்றினாய், உன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய், பிறகு என் காலடியில் வைத்தாய். "யம்மா, சூடு ஜாஸ்தியா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு என் காலிடம் பதில் இல்லை. நான் பதில் சொன்னேன். "எதமா கீதுடா, வச்சுட்டுப் போ" என்றேன். துண்டு விலகியதுகூடத் தெரியாமல் அதன் மேலேயே காலை அழுத்திக்கொண்டு டி.வி. பார்த்தேன்.

நீ நாலு வயதில் தோசைக்கல்லைத் தொட்டாய். கை முதலில் பின்னால் வந்தது, அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சூட்டுச் சேதி தண்டுவடம் வரை போனதுமே அங்கிருந்தே கையை இழு என்று உத்தரவு வந்துவிடும், மூளைக்குப் பிறகுதான் தெரியும் என்று நீதான் விளக்கினாய். மூளைக்காகக் காத்திருந்தால் விரல் வெந்துவிடும் என்பதற்காக உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு. என் கால் அன்று நகராததற்குக் காரணம் இதுதான். சேதி இடுப்பு வரைகூட ஏறவில்லை. இழுக்கச் சொல்ல யாருமில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் என் வாய், அது இதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஆகவே சுட்டது நீ இல்லை அருள். நீ கேட்டாய். கேட்ட பிறகுதான் வைத்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியாது. மறுநாள் காலை விரல்களுக்கு அடியில் கொப்புளம் இருந்தது. நீ அதற்குள் சென்னைக்குப் பயிற்சிக்குப் போய்விட்டாய். உன் பயிற்சி முடிய இன்னும் சில வாரம்தான் இருந்தது. நான் ஊசியால் கொப்புளத்தைக் குத்தி, துணி வைத்து, சாக்ஸ் போட்டு, ஷூ போட்டு ஷிஃப்டுக்குப் போனேன். வலிக்காத புண்ணைப் புண்ணென்று எப்படி நினைப்பது. ஒன்பது நாள் அதன் மேல் நின்றேன். நடுவில் ஒரு ஞாயிறு நீ வந்தாய். குளிர்கிறது என்று வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டிருந்தேன். என்ன நாற்றம், எலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டு பீரோவை நகர்த்தினாய், அரிசி டிரம்மைத் தூக்கினாய், பரணில் ஏறினாய். நானும் உன்னோடு சேர்ந்து எலியைத் தேடினேன். டார்ச் பிடித்தேன். அந்த மத்தியானத்தை நினைத்தால்தான் எனக்கு ஏதோ அசைகிறது. வேறு எதை நினைத்தாலும் இல்லை. ஒன்பதாம் நாள் லைனிலேயே காய்ச்சலில் விழுந்து, செல்வி ஷூவைக் கழற்றியபோதுதான் எல்லோரும் பார்த்தார்கள். இங்கே டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், முதல் நாளே வந்திருந்தால் மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாராம். நீ வைத்தது ஒரு கொப்புளம், அதுவும் என் பேச்சைக் கேட்டு. அதை எலும்பு வரை கொண்டு போனது நான்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீ கேட்கலாம். சர்க்கரையின் மேல் பழியைப் போட்டால் சுலபம். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்தது. உன் அப்பா தண்டலம் பக்கத்தில் கம்பெனி வேன் ஓட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்பது உனக்குத் தெரியும். உனக்கு அப்போது பதினொரு வயது. சேதி வந்தபோது நான் பலகை முன்னால் நின்றிருந்தேன். லைன் லீடர் வந்து காதருகே சொன்னார், "யக்கா, அண்ணன் போய்ட்டாராம், கெளம்பு" என்று. நான் கிளம்பவில்லை. கையில் இருந்த கம்பிக்கட்டைச் சுற்றி முடித்தேன். டேப்பை வெட்டினேன். ஒட்டு சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பலகை நகர்ந்தது, பிறகுதான் கையுறையைக் கழற்றினேன். லீடர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை. நம் ஜனங்கள் அதைப் பேசினார்கள். எட்டாம் நாள் ஷிஃப்டுக்குப் போனேன். நீ இரண்டு மாதம் என் பக்கத்தில் வந்து வந்து நின்றாய், நான் அழுவேன், சேர்ந்து அழலாம் என்று காத்திருந்தாய் போலிருக்கிறது. நான் சாப்பிட்டியா என்று கேட்டேன்.

மூளைக்கு வலி தெரியாது, மண்டையைத் திறந்து அதைத் தொட்டாலும் அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருநாள் நீ படித்தாய். உடம்பின் எல்லா வலியும் போய்ச் சேருகிற இடத்துக்கு வலி கிடையாதாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்குத் தலைவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொண்டேன். மூளைக்கு வலிக்காமல் இருக்கலாம், அது மற்ற இடத்து வலியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதற்காகத்தான் இருக்கிறது. நான் கேட்பதை நிறுத்தியவள். வெளியே உறை நன்றாக இருந்து உள்ளே செம்பு அறுந்த கம்பியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, சோதனை மேஜையில் மாட்டினால்தான் சிவப்பு விளக்கு எரியும். பன்னிரண்டு வருடமாக என்னை எந்த மேஜையிலும் மாட்டவிடாமல் தப்பித்துவிட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் உன்னிடம் வருகிறவர்கள் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் வருவார்கள். அவர்களும் என்னைப் போல ஆமாம் சொல்வார்கள். வேலை போய்விடும் என்று பயந்து சொல்வார்கள், பெண்டாட்டி முன்னால் வெட்கப்பட்டுச் சொல்வார்கள், உன் முகம் வாடக்கூடாது என்றும் சொல்வார்கள். வாயைக் கேட்காதே. ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார், சாக்ஸைத் திருப்பிப் பார், விரல் இடுக்கை விரித்துப் பார். அவசரமாகச் சந்தோஷப்படாதே. இதெல்லாம் புத்தகத்தில் இருந்திருக்கும், ஆனால் உனக்குப் புத்தகம் சொல்லிக் கொடுத்ததை விட அதிகமாக என் கால் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதற்காகவாவது அந்த வேலைக்கு நீ போக வேண்டும். ஒரகடத்தில் லைனில் நிற்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பொய்யான ஆமாம் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிசியோதெரபிஸ்ட் எத்தனை பேர் இருப்பார்கள்? என்னைச் செல்வி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் கேட்டேன் அருள். வாயைத் திறந்து, எனக்கு உதவி வேண்டும் என்று கேட்டேன். நேற்றுதான் கேட்டேன், கேட்டு முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

எடுத்த பிறகும் சிலருக்கு இல்லாத விரல் வலிக்கும், அரிக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். விரல் போனாலும் மூளையில் அந்த விரலுக்கான இடம் காலியாகாதாம். இருந்தபோது ஒரு சேதியும் சொல்லாத விரல், போன பிறகு வந்து பேசினால் அது ஒரு பெரிய கூத்துதான். பேசட்டும். உனக்குப் போன் போட்டு, இன்றைக்கு வலித்தது என்று சொல்கிறேன். வலிக்காவிட்டால் வலிக்கவில்லை என்று சொல்கிறேன். நீ நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. கொஞ்ச காலம் நம்பாமலே இரு.

இப்போது நீ வந்துவிடுவாய். வந்ததும் இந்த நோட்டை உன் கையில் கொடுப்பேன், நீ வராந்தாவில் போய்ப் படிப்பாய், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை. திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். பிறகு ஒரு காரியம் செய். உன் பையின் பக்க ஜிப்பில் அந்தச் சோதனை இழை இருக்கிறது, பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார். நாளைக்கு விரல் எடுக்கப் போகிற காலையும் முழுசாக இருக்கப் போகிற காலையும் உன் மடியில் வைத்துக்கொள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். தாளம் வைத்துத் தொடாதே, மூச்சைப் பிடிக்காதே. தெரிகிற இடத்தில் ஆமாம் என்பேன். தெரியாத இடத்தில் பேசாமல் இருப்பேன். ரொம்ப நேரம் பேசாமலே இருப்பேன் என்று நினைக்கிறேன், பயந்து நிறுத்திவிடாதே. எல்லா இடமும் தொட்டு முடித்த பிறகு, நீ எழுதிய அந்த வரியை அடித்துவிட்டு, நான் பேசாமல் இருந்ததை எழுது.

அம்மா